பள்ளுருத்தியில் இருந்து குஜராத் ராஜ்பவனுக்கு: இருமுறை ஒரு மாநிலத்தை நேரடியாக நிர்வகித்த ஆளுநர் கே.கே. விஸ்வநாதன்

கொச்சி: மசோதாக்களுக்கு ஒப்புதல் அளிக்க ஆளுநர் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒருசேர உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நிறுத்தியது. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, ஆளுநருக்குக் காலக்கெடுவும் விதித்தது. அதையொட்டிக் குடியரசுத் தலைவர் எழுப்பிய 14 கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு பதிலளித்தது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால் வரம்புக்குட்பட்ட அளவில் நீதிமன்றம் தலையிடலாம் என்பது அந்தக் கருத்துரையின் சாரம்.

இந்த விவாதம் முழுவதும் ஆளுநரின் பேனாவைச் சுற்றியே நடைபெறுகிறது. கையெழுத்து இடுவாரா, திருப்பி அனுப்புவாரா, குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைப்பாரா என்பதே கேள்வி. ஆனால் அமைச்சரவையே இல்லாத நிலையில், ஒரு மாநிலத்தின் முழு நிர்வாகமும் ஆளுநர் பெயரில் நடந்த காலங்கள் உண்டு. அப்படியொரு காலத்தை ஒருமுறை அல்ல, இருமுறை கடந்தவர் கொச்சியின் பள்ளுருத்தியைச் சேர்ந்த கே.கே. விஸ்வநாதன். 1973 ஏப்ரல் 4 முதல் 1978 ஆகஸ்ட் 14 வரை அவர் குஜராத்தின் ஆளுநராக இருந்தார். அந்த 64 மாதங்களில் ஏறத்தாழ 25 மாதங்களுக்கும் மேலாக மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. பத்து நாள்களுக்கு நான்கு நாள் என்ற விகிதத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லாத குஜராத்தை அவர் நிர்வகித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று அவரது பெயர் கேரளத்திலும் அதிகம் பேசப்படுவதில்லை, குஜராத்திலும் பேசப்படுவதில்லை.

குஜராத்தித் தெருவின் அண்டை ஊர்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தோப்பும்படியைக் கடந்து இடக்கொச்சி செல்லும் வழியில், காயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது பள்ளுருத்தி. 1967-இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளுடன் இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் இதுவும் ஒன்று. சமூக வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. இங்குள்ள பவானீஸ்வரர் கோயிலை 1916-இல் ஸ்ரீ நாராயண குரு பிரதிஷ்டை செய்தார். கோயில் வளாகத்தில் காலடி வைக்க மறுக்கப்பட்ட புலையர் மக்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள் அனுமதி கிடைத்ததன் நினைவாக, அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதத்தில் 'புலவாணிபம்' சந்தை இன்றும் கூடுகிறது. ஏ.ஆர். ரகுமானின் இளமைக்கால இசைப் பயணத்தில் இடம்பெற்ற மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் வாழ்ந்ததும் பள்ளுருத்தியில்தான்.

விஸ்வநாதன் 1914 நவம்பர் 4-ஆம் தேதி பிறந்தார். அப்போது பள்ளுருத்தியும் மட்டாஞ்சேரியும் கொச்சி சமஸ்தானத்தின் பகுதிகள். அவர் வளர்ந்த வட்டாரத்தில் மிளகு, இஞ்சி, கொப்பரை வணிகத்திற்காகப் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குஜராத்திகளும் கட்ச் பகுதி மக்களும் வாழ்ந்தனர். மட்டாஞ்சேரியில் உள்ள குஜராத்திச் சாலையும், அதன் அருகில் புறாக்கள் கூட்டமாக வந்திறங்கும் ஜைனக் கோயிலும் அதற்குச் சான்று. பின்னாளில் தாம் நிர்வகிக்கப் போகும் மாநிலத்தின் மொழியை, அந்த மாநிலத்தின் மண்ணை மிதிப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் தமது ஊர்ப்புறக் கடைவீதியிலேயே கேட்டிருக்கக்கூடும்.

1957-இல் கேரளத்தின் முதல் சட்டப்பேரவைக்கு மட்டாஞ்சேரி தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அவர் வெற்றி பெற்றார். அந்தப் பேரவையில்தான் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. அது தன் பதவிக்காலத்தை முடிக்கவில்லை. 1959 ஜூலை 31-ஆம் தேதி, அப்போதைய ஆளுநர் பி. ராமகிருஷ்ண ராவின் அறிக்கையைத் தொடர்ந்து அரசு கலைக்கப்பட்டது. பெரும்பான்மை பெற்றிருந்த ஓர் அரசு 356-ஆவது பிரிவின் கீழ் நீக்கப்பட்ட அந்த நிகழ்வை, விஸ்வநாதன் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கண்டார். அந்தப் பேரவை கலைந்தபோது அவரது உறுப்பினர் பதவியும் அதனுடன் போயிற்று. 356-ஆவது பிரிவைச் சட்டமன்ற உறுப்பினராக அனுபவித்தவரே பிறகு அதை ஆளுநராகவும் கையாண்டார் என்பது இந்திய அரசியலில் அடிக்கடி வாய்க்கும் நிலை அல்ல.

1970-களின் தொடக்கத்தில் அவர் கேரளப் பிரதேச காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக உயர்ந்தார். இந்திரா காந்தி கட்சியையும் ஆட்சியையும் தம் கைக்குள் கொண்டுவந்திருந்த காலம் அது. ஷ்ரீமன் நாராயணின் பதவிக்காலம் 1973 மார்ச்சில் முடிந்து, குஜராத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.என். பகவதி சில நாள்கள் பொறுப்பு ஆளுநராக இருந்த பின், அந்தப் பதவி மட்டாஞ்சேரிக்காரரிடம் வந்து சேர்ந்தது.

உணவுக் கட்டணத்தில் தொடங்கிய தீ

அவர் சென்றபோது குஜராத் அமைதியாகத் தோற்றமளித்தது. 1972 தேர்தலில் 168 இடங்களில் 140 இடங்களைக் காங்கிரஸ் வென்றிருந்தது. எதிர்க்கட்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஆளுங்கட்சிக்குள்ளேயே பூசல் முற்றியிருந்தது. ஆளுநர் பொறுப்பேற்று மூன்றரை மாதங்களுக்குள் முதலமைச்சர் கன்ஷியாம் ஓஜா பதவியிழந்தார். 1973 ஜூலையில் சிமன்பாய் படேலுக்கு விஸ்வநாதன் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். குஜராத்தில் அவர் செய்து வைத்த முதல் முதலமைச்சர் பதவிப்பிரமாணம் அது.

அதே ஆண்டு வறட்சியின் தாக்கமும் விலைவாசி உயர்வும் மாநிலத்தை வாட்டின. கடலை எண்ணெய் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. எண்ணெய் ஆலை முதலாளிகளுடன் ஆட்சியாளர்களுக்கு உறவு இருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1973 டிசம்பர் 20-ஆம் தேதி அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதி மாணவர்கள் உணவுக் கட்டணம் 20 சதவீதம் உயர்த்தப்பட்டதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினர். விடுதிச் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கிய அந்தக் கோபம் சில வாரங்களில் 'நவநிர்மாண்' என்ற பெயரில் மாநிலம் தழுவிய கிளர்ச்சியாக மாறியது. பல நகரங்களில் ஊரடங்கு உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. அகமதாபாத்தில் ராணுவம் வரவழைக்கப்பட்டது. சுமார் 100 பேர் உயிரிழந்ததாக அக்காலக் கணக்குகள் கூறுகின்றன.

அன்றைய ராஜ்பவன் இப்போதுள்ள காந்திநகரில் இல்லை. அகமதாபாத் ஷாஹிபாக்கில், முகலாயர் காலத்து மோத்தி ஷாஹி மஹாலில் இயங்கியது. தற்போது அங்கு சர்தார் படேல் நினைவகம் உள்ளது. கிளர்ச்சியின் மையமாக விளங்கிய நகரத்திற்குள்ளேயே ஆளுநர் குடியிருந்தார் என்று பொருள். தெருவின் நிலவரத்தை அறிய அவருக்குக் கோப்புகள் மட்டுமே வழி என்று சொல்ல இயலாது.

1974 பிப்ரவரி 9-ஆம் தேதி சிமன்பாய் படேல் விலகினார். அன்றே குடியரசுத் தலைவர் ஆட்சி பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் பேரவை கலைக்கப்படவில்லை, முடக்கி வைக்கப்பட்டது. 140 உறுப்பினர்களைக் கொண்ட கட்சி, சற்று ஆறியதும் வேறொருவர் தலைமையில் ஆட்சி அமைக்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. மாணவர்கள் அதை ஏற்கவில்லை. உறுப்பினர்களின் வீடுகளை முற்றுகையிட்டு ராஜினாமா கடிதம் கேட்டனர். அவையில் பாதிக்கும் மேற்பட்டோர் ராஜினாமா செய்தனர். மொரார்ஜி தேசாய் உண்ணாவிரதம் தொடங்கினார். மார்ச் நடுவில் பேரவை கலைக்கப்பட்டது. முதலமைச்சரின் விலகலுக்கும் பேரவைக் கலைப்புக்கும் இடைப்பட்ட அந்த ஐந்து வாரங்களே விஸ்வநாதனின் பதவிக்காலத்தில் மிகவும் கேள்விக்குரிய பகுதி. மாநிலத்தில் அரசு அமைய வழியில்லை என்பது தெளிவாகத் தெரிந்த பிறகும், முடக்கப்பட்ட பேரவையை உயிருடன் வைத்திருந்தது ஒரு கட்சியின் வசதிக்கே உதவியது. அந்த முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது என்றே கொண்டாலும், அதற்கு அடிப்படையான அறிக்கை ராஜ்பவனில் இருந்தே செல்ல வேண்டும்.

அமைச்சர்கள் இல்லாத பதினாறு மாதங்கள்

குடியரசுத் தலைவர் ஆட்சியில் ஆளுநர் தம் விருப்பப்படி ஆளும் மன்னர் அல்லர். மாநில அரசின் அதிகாரங்கள் குடியரசுத் தலைவரிடம் செல்கின்றன. சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் வசமாகிறது. ஆளுநர் குடியரசுத் தலைவரின் சார்பில், பெரும்பாலும் மூத்த அதிகாரிகளான ஆலோசகர்களின் துணையுடன் நிர்வாகம் நடத்துகிறார். ஆயினும் அரிசி ஒதுக்கீடு முதல் ஆட்சியர் இடமாற்றம் வரை அன்றாட அரசு அவர் பெயரில்தான் இயங்கும். அவரிடம் கேள்வி கேட்கப் பேரவை இருக்காது. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் எவராலும் இயலாது.

இதில் ஒரு முரண் உண்டு. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும் என்று ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1974 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அந்தத் தீர்ப்பு வெளியான நாளில் குஜராத் ஆளுநருக்கு ஆலோசனை கூற ஓர் அமைச்சர்கூட இல்லை.

தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. 1975 ஏப்ரலில் மொரார்ஜி தேசாய் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார். அதன் பின்னரே ஜூன் மாதத்தில் தேர்தல் நடத்த மத்திய அரசு இசைந்தது. ஒரு மாநிலத்தின் தேர்தல் தேதியை ஒரு முதியவரின் பட்டினி தீர்மானிக்க வேண்டியிருந்தது என்றால், அப்போது நடைமுறையில் இருந்த சட்டப் பாதுகாப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை ஊகிக்கலாம். தேர்தல் முடிவுகள் 1975 ஜூன் 12-ஆம் தேதி வெளிவரத் தொடங்கின. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே நாளில்தான். 182 இடங்கள் கொண்ட புதிய பேரவையில் காங்கிரஸ் 75 இடங்களில் நின்றது. ஜூன் 18-ஆம் தேதி ஜனதா மோர்ச்சாவின் பாபுபாய் படேல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒரு வாரத்தில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

இரண்டு 'கே.கே.'க்கள்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கட்டம் தனி முக்கியத்துவம் உடையது. நெருக்கடி நிலையின் முதல் மாதங்களில் காங்கிரஸ் அல்லாத கட்சிகளின் ஆட்சியில் இருந்த பெரிய மாநிலங்கள் இரண்டு. ஒன்று மு. கருணாநிதி தலைமையிலான தமிழ்நாடு, மற்றொன்று பாபுபாய் படேல் தலைமையிலான குஜராத். பிற மாநிலங்களில் தேடப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர்கள் மூச்சுவிட இடம் தந்தவை இவ்விரண்டும்தான். தமிழ்நாட்டின் ஆளுநர் குஜராத்தியரான கே.கே. ஷா. குஜராத்தின் ஆளுநர் கொச்சியைச் சேர்ந்த கே.கே. விஸ்வநாதன். முதலமைச்சருடன் ஷா கொண்டிருந்த நெருக்கத்தைக் கண்டு, அவரது முதலெழுத்துகளுக்கு 'கலைஞர் கருணாநிதி' என்று விரிவு சொல்லி எதிர்ப்பாளர்கள் கேலி செய்ததும் உண்டு. அந்த நெருக்கம் உதவவில்லை. ஷாவின் அறிக்கையின் பேரில் 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது.

குஜராத்தில் வழி வேறு. அங்கு அரசு கலைக்கப்படவில்லை, கரைக்கப்பட்டது. சிமன்பாய் படேலின் கிசான் மஜ்தூர் லோக் பட்சத்தின் ஆதரவில் நின்ற கூட்டணி, கட்சித் தாவல்களால் நலிவுற்று 1976 மார்ச் 12-ஆம் தேதி பதவி விலகியது. இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சென்னையில் நடந்ததற்கும் அகமதாபாத்தில் நடந்ததற்கும் இடைவெளி ஆறு வாரங்கள் மட்டுமே. ஷா பெரும்பான்மை அரசை அகற்ற அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. விஸ்வநாதன், அரசு தானே பெரும்பான்மையை இழக்கும்வரை காத்திருந்தார் என்பதே பதிவில் நிற்கிறது. தாவியவர்கள் எந்தச் சூழலில் தாவினர் என்பது வேறு விஷயம். பத்திரிகைகள் தணிக்கையிலும் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலும் இருந்த நாட்டில், சட்டமன்ற எண்ணிக்கை சுதந்திரமாக மாறியது என்று வாதிடுவது கடினம்.

இரண்டாம் முறை ஒன்பது மாதங்கள் நீடித்தது. இது முதல் முறையைப் போன்றது அல்ல. 1974-இல் தெருவில் கேள்வி கேட்க மாணவர்களும், எழுதப் பத்திரிகைகளும், நாடாளுமன்றத்தில் பேச எதிர்க்கட்சியினரும் இருந்தனர். 1976-இல் அவை எதுவும் இல்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டம் குஜராத்திலும் முழு வீச்சில் செயல்பட்டது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் முதன்மைக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட பரோடா வெடிமருந்து வழக்கு உருவானதும் இக்காலத்தில்தான். அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களுள் ஒருவர் அகமதாபாத் வழக்கறிஞர் பிரபுதாஸ் பட்வாரி. அடுத்த ஆண்டு, 1977 ஏப்ரலில், ஜனதா அரசு அவரைத் தமிழ்நாட்டின் ஆளுநராக நியமித்தது. வழக்கில் சிக்கியவர் சென்னை ராஜ்பவனில் குடியேறியபோது, கைது நடவடிக்கைகளின் காலத்தில் குஜராத் நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர் இன்னமும் தம் ராஜ்பவனிலேயே இருந்தார்.

மாறாத ஒருவர்

1976 டிசம்பர் 24-இல் காங்கிரசின் மாதவ்சிங் சோலங்கி முதலமைச்சரானார். 1977 மார்ச் மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் வீழ்ந்ததும், ஏப்ரலில் பாபுபாய் படேல் மீண்டும் வந்தார். அவருக்கு இரண்டாம் முறையும் பதவிப்பிரமாணம் செய்து வைத்தவர் விஸ்வநாதனே. ஆக நான்கு பதவியேற்புகள், மூன்று முதலமைச்சர்கள், இரண்டு குடியரசுத் தலைவர் ஆட்சிகள், ஓர் ஆளுநர். அந்த ஆண்டு ஒன்பது மாநிலப் பேரவைகளை ஜனதா அரசு கலைத்தது. ஆட்சி ஏற்கெனவே கைமாறிவிட்டதால் குஜராத் அந்தப் பட்டியலில் இல்லை. இந்திரா காந்தியால் நியமிக்கப்பட்ட ஆளுநரும், ஐந்தாண்டு முடிந்த பின்னரும் 1978 ஆகஸ்ட் வரை நீடித்தார். பின்னர் சாரதா முகர்ஜி பொறுப்பேற்றார்.

விஸ்வநாதனுக்குக் கிடைத்த அந்தப் பொறுமை பட்வாரிக்குக் கிடைக்கவில்லை. இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பிய பின் 1980 அக்டோபரில் பட்வாரி பதவி நீக்கம் செய்யப்பட்டார். மத்தியில் ஆட்சி மாறியது என்ற ஒரே காரணத்திற்காக ஆளுநரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பி.பி. சிங்கால் வழக்கில் கூற மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2001-இல் தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த கேரளத்தவரான பாத்திமா பீவி, மத்திய அரசு திரும்பப் பெறப் பரிந்துரைத்த நிலையில் பதவி விலகியதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சட்டம் எதை மாற்றியது?

விஸ்வநாதன் நிர்வகித்த விதத்தில் இன்று ஓர் ஆளுநர் ஒரு மாநிலத்தை நிர்வகிக்க முடியுமா? பெருமளவு முடியாது. 1978-இல் நிறைவேற்றப்பட்ட 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி, ஓராண்டுக்கு மேல் குடியரசுத் தலைவர் ஆட்சியை நீட்டிக்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நாட்டிலோ மாநிலத்திலோ நெருக்கடி நிலை அமலில் இருக்க வேண்டும். தேர்தல் நடத்த இயலாது எனத் தேர்தல் ஆணையமும் சான்றளிக்க வேண்டும். 1974-75-இல் இந்த விதி இருந்திருந்தால் குஜராத்தின் பதினாறு மாதங்கள் எளிதாக நீண்டிருக்காது. 1971 போரின்போது அறிவித்த நெருக்கடி நிலை அப்போதும் திரும்பப் பெறப்படாததால் முதல் நிபந்தனை பெயரளவில் நிறைவேறியிருக்கும் என்பது வேறு. இரண்டாவது நிபந்தனைக்கு ஆணையம் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு மேலும் இரண்டு கதவுகளை அடைத்தது. பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும், ராஜ்பவனில் அல்ல. நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் வரை பேரவையைக் கலைக்கக் கூடாது. அதற்குமுன் 1988-இல் சர்க்காரியா ஆணையம், அண்மைக்காலத்தில் தீவிர அரசியலில் ஈடுபட்டவர்களை ஆளுநராக நியமிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒரு மாநிலக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பை வகித்தவரான விஸ்வநாதன் அந்த அளவுகோலில் தேறியிருக்க மாட்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலரும் தேறமாட்டார்கள். இந்தப் பரிந்துரையை எந்த மத்திய அரசும் பொருட்படுத்தவில்லை.

இங்கேதான் 2025-இன் கருத்துரை பொருத்தம் பெறுகிறது. 356-ஆவது பிரிவு இறுக்கப்பட்டதும் ராஜ்பவன்களின் செல்வாக்கு மறைந்துவிடவில்லை, 200-ஆவது பிரிவுக்கு இடம்பெயர்ந்தது. அரசைக் கலைப்பது அரிதாகிவிட்டது. அரசு இருக்கும்போதே அதன் சட்டங்களைக் காத்திருக்க வைப்பது வழக்கமாகியது. முன்னதற்கு நாடாளுமன்ற ஒப்புதல், கால வரம்பு, நீதிமன்ற ஆய்வு என மூன்று தடைகள் உள்ளன. பின்னதற்கு இப்போது இருப்பது, நியாயமற்ற தாமதம் எனத் தோன்றினால் நீதிமன்றத்தை நாடலாம் என்ற ஒன்று மட்டும். எத்தனை மாதங்கள் நியாயமற்ற தாமதம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே வாதிட வேண்டியிருக்கும்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பான மசோதாக்களே இந்த மோதலின் மையத்தில் இருந்தன. பள்ளுருத்தி சட்டமன்றத் தொகுதி 2008 மறுவரையறையில் நீக்கப்பட்டு, அப்பகுதி இப்போது கொச்சி தொகுதியில் அடங்குகிறது. அங்குள்ள வாக்காளர் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் வாக்களித்து நிறைவேற்றிய மசோதாக்கள், திருவனந்தபுரம் ராஜ்பவனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரை காத்திருந்ததாகக் கேரள அரசு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது.